மழைக்கு அப்புறம் ஹார்ன் அடிக்கல, டிக்குன்னு மட்டும் கேக்குது. கிளாக் ஸ்பிரிங் மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?

செம்பூர்வாசி

வணக்கம் மக்களே. வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக். ஜூலைல ஒரு பேய் மழை அன்னிக்கு குர்லா பக்கம் பாதி டயர் முங்குற தண்ணில ஊர்ந்து வந்தேன், அன்னிக்கு ஒண்ணும் தெரியல. அதுக்கப்புறம் ஹார்ன் சவுண்டு கொஞ்சம் கொஞ்சமா கம்மியாகி சளி புடிச்ச தொண்டை மாதிரி கரகரன்னு வந்துட்டு இருந்துச்சு, இப்ப காலைல எடுத்தா சுத்தமா அடிக்கிறதே இல்ல, மத்தியானம் வெயில்ல நின்ன வண்டில ஒருசில நேரம் லேசா பீன்னு முனகுது, அவ்ளோதான். அமுக்கும்போது டேஷ்போர்டுக்குள்ள எங்கயோ டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும் தப்பாம கேக்குது.

சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். ஸ்டியரிங்ல அமுக்கிப் பாத்தாங்க, பானட்டக்கூட தூக்கல, கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங்குக்குள்ள சுருட்டி வெச்சிருக்கிற ஒயராம்) போயிடுச்சு சார் மாத்தணும்னு எஸ்டிமேட் நீட்டிட்டாங்க, அத பாத்ததும் எனக்குத்தான் குரல் போச்சு. ஸ்டியரிங்ல இருக்கிற வால்யூம் பட்டன் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது, ஏர்பேக் லைட்டும் எரியல. நெஜமாவே கிளாக் ஸ்பிரிங்தானா? சயான் சர்க்கிள்ல ரிக்‌ஷாவுங்க நடுவுல ஹார்ன் இல்லாம ஓட்டிப் பாத்தவங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

முலுண்ட் மணி

பியூஸ் பாத்தீங்களா சார்? அத விட்டுட்டு மத்ததெல்லாம் ஏன். பியூஸ் பாக்ஸ் மூடியோட உள்பக்கம் படம் போட்ருப்பான், ஹார்ன்னு எழுதியோ இல்ல ஹார்ன் பொம்மை போட்டோ இருக்கும், 10 ஆம்பியரோ 15 ஆம்பியரோ. பியூஸ் நல்லாருந்தா ஹார்னையே தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க, மழைத் தண்ணி உள்ள போன ஹார்ன் திரும்ப வந்ததா சரித்திரமே இல்ல.

செம்பூர்வாசி

பியூஸ் கழட்டி வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன் மணி சார், கம்பி முழுசா இருக்கு. ஹார்ன் மாத்தலாம்தான், ஆனா மாத்தியும் அடிக்கலைன்னா?

குர்லா பாண்டி

தம்பி, ஒண்ணையும் மாத்தாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் சிஎஸ்டி ரோட்டுல ரொம்ப வருசமா ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பாக்கேன், மழைக்காலம் வந்தா வாரத்துல பாதி வண்டி இந்த கேசுதான்.

ஹார்னுக்கு ரெண்டு பாதை இருக்கு பாத்துக்கிடுங்க. ஒண்ணு சின்ன கரண்டு பாதை. நீங்க ஸ்டியரிங்ல அமுக்குறீங்கள்ல, அது கிளாக் ஸ்பிரிங் வழியா வந்து ரிலே காயிலுக்கு எர்த், அதாவது பேட்டரி மைனஸோட சேர்ற வழி, குடுக்கும் (ரிலேன்னா சின்ன கரண்டு வந்ததும் பெரிய கரண்டு பாதைய சேத்து விடுற ஸ்விட்ச் டப்பி), அதோட அதுக்கு ஜோலி முடிஞ்சுது, அதுல ஓடுற கரண்டு ரொம்பக் கொஞ்சம். இன்னொண்ணு பெரிய கரண்டு பாதை, பேட்டரிலேர்ந்து பியூஸ், பியூஸ்லேர்ந்து ரிலேக்குள்ள ஒட்டிப் பிரியுற பாயிண்டு, அங்கேர்ந்து ஒயர் கிரில்லுக்குப் பின்னாடி போயி ஹார்ன், ஹார்ன்லேர்ந்து பாடி எர்த். ஒரு ஹார்னுக்கு நாலஞ்சு ஆம்பியர் இழுக்கும், ரெண்டு ஹார்ன் இருந்தா அதுல இரட்டி. டிக்குன்னு கேக்குதுன்னா காயிலுக்கு எர்த் வந்துட்டுன்னு அர்த்தம், எர்த் வந்துட்டுன்னா கிளாக் ஸ்பிரிங் அதோட வேலைய செஞ்சுட்டுன்னு அர்த்தம். பொறவு எதுக்கு அத மாத்தச் சொல்லுதாங்க? எஸ்டிமேட்ட மடிச்சு உள்ள வைங்க.

வாஷி வித்யா

பாண்டி அண்ணா சொல்றது சரி, ஒரே ஒரு விஷயம் மட்டும் முதல்ல உறுதி பண்ணிக்கோங்க. அந்த டிக் சத்தம் ஹார்ன் ரிலேயோடதுதானா? ஒருத்தர உக்கார வெச்சு அமுக்கச் சொல்லிட்டு ரிலே மேல விரல வெச்சுப் பாருங்க, அதுதான்னா விரல்ல துடிப்பு தெரியும். சாவி போடாமலே பெரும்பாலான வண்டில ஹார்ன் அடிக்கும், அதனால இன்ஜின் ஓட வேண்டாம், அமைதியா பண்ணலாம். புது வண்டி சிலதுல ரிலே தனியா கழட்ட வராது, உள்ள இருக்கிற போர்டுலயே ஒட்டியிருக்கும், உங்க வண்டிக்கு அந்தத் தலைவலி இருக்காதுன்னு நினைக்கிறேன்.

இன்னொரு குறுக்கு வழி, ரிமோட்ல லாக் பண்ணும்போது வண்டியோட ஹார்னே பீப் போடுற மாடலா இருந்தா, அது எப்படி அடிக்குதுன்னு கேளுங்க. அதுல கணீர்னு அடிச்சு ஸ்டியரிங்ல மட்டும் அடிக்கலைன்னா ஹார்னும் அதோட ஒயரும் நல்லாருக்கு, கோளாறு ஸ்டியரிங் பக்கம். தனி சைரன் வெச்ச வண்டியா இருந்தா இது செல்லாது.

செம்பூர்வாசி

விரல் வெச்சுப் பாத்தாச்சு, ஹார்ன் ரிலேதான், நல்லா துடிக்குது. ரிமோட்டுக்கு தனி சைரன்தான் இருக்கு மேடம், அதனால அந்த வழி அடைஞ்சுது. அடுத்து என்ன பண்ணட்டும் அண்ணே?

குர்லா பாண்டி

துடிக்குதுங்கிறதுக்காக உள்ள பாயிண்டு ஒட்டுதுன்னு சொல்ல முடியாது, பாயிண்டு கருகியிருந்தாலும் துடிப்பு வரும். பக்கத்துலயே அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே இருக்கும், அத எடுத்து இதுல மாட்டிப் பாருங்க, காசு செலவில்ல.

அதுலயும் அடிக்கலைன்னா ரிலேய புடுங்கிடுங்க. அடில 30, 85, 86, 87ன்னு நம்பர் போட்ருப்பான். 30 பேட்டரிலேர்ந்து வாறது, 87 ஹார்னுக்குப் போறது, 85 86 ரெண்டும் காயில். சாக்கெட்ல 30க்கும் 87க்கும் நேரா ஒரு துண்டு ஒயர், நடுவுல ஒரு 15 ஆம்பியர் பியூஸ் வெச்ச ஒயரா இருந்தா ரொம்ப நல்லது, அத சொருகுங்க. இப்ப ஸ்டியரிங்கும் கிடையாது ரிலேயும் கிடையாது, பேட்டரிலேர்ந்து நேரா ஹார்னுக்குப் போவுது. கணீர்னு அடிச்சுதா, ஹார்ன் பக்கம் சுத்தம், கோளாறு ரிலேலயோ ஸ்டியரிங்லயோ. அடிக்கலையா, ஸ்டியரிங்க மறந்துட்டு கிரில்லுக்குள்ள கைய விடுங்க. எந்த நம்பர் எந்த ஓட்டைன்னு நிதானமா பாத்து சொருகுங்க, 30ல இருக்கிற ஒயர் முனை பாடில பட்டுச்சுன்னா பொறி பறக்கும்.

போரிவிலி கொங்கன்

சூப்பர்ங்ண்ணா, இந்த 30-87 விஷயம் தெரிஞ்சிருந்தா போன வருசம் எனக்கு ரெண்டாயிரம் மிச்சமாயிருக்குமுங்க.

முலுண்ட் மணி

நான் அப்பவும் சொல்றேன், ஹார்ன்தான். எழுதி வெச்சுக்கோங்க. ஹார்னுக்குள்ள ஒரு காயில், ஒரு தகடு, ஒரு சின்ன பாயிண்டு, அவ்வளவுதான். கரண்டு வந்ததும் காயில் தகட்ட இழுக்கும், இழுத்ததும் பாயிண்டு பிரியும், கரண்டு கட்டாகி தகடு திரும்பும், திரும்பினதும் மறுபடி பாயிண்டு ஒட்டும், இது செகண்டுக்கு நானூறு ஐநூறு தடவை நடக்குது, அதான் நமக்குக் கேக்குற சவுண்டு. தண்ணி போயி அந்த பாயிண்டுல துரு ஏறினா முடிஞ்சுது கதை.

செம்பூர்வாசி

ரிலே மாத்திப் பாத்தேன், அதே கதை. ரிலேய புடுங்கிட்டு ஒயர் போட்டேன், அடிக்கல. ஆனா பம்பர் பக்கம் காது வெச்சா ஒயர் பட்ட ஒவ்வொரு தடவையும் டொக்குன்னு ஒரு சின்ன சத்தம் வருது, ஒரே ஒரு டொக், அதோட சரி. மணி சார் ஜெயிச்சுட்டாரு போல. கீழ பார்க்கிங்ல வாட்ச்மேன் வேற வந்து எட்டிப் பாத்துட்டு யே க்யா கர் ரஹே ஹோ சாப், என்ன பண்றீங்க சார்னு கேட்டுட்டுப் போறாரு.

குர்லா பாண்டி

அந்த டொக் முக்கியம் தம்பி, நல்லா கவனிச்சீங்க. தகடு ஒரு தடவை இழுக்கப்பட்டு அப்படியே நிக்கி, பாயிண்ட பிரிக்கிற அளவுக்கு பலம் பத்தல. ஹார்ன் செத்துருந்தாலும் இப்படி வரலாம், ஹார்னுக்கு கரண்டு அரைகுறையா வந்தாலும் இப்படி வரலாம். எதுன்னு பாக்க ஹார்ன கழட்டி பேட்டரில நேரா குடுங்க, கிரில் கழட்டினா ஒரே நட்டு, 10 நம்பரோ 12 நம்பரோ ஸ்பானர். ரெண்டு பின் இருக்கிற ஹார்னுக்கு பிளஸ் மைனஸ் எப்படிக் குடுத்தாலும் அடிக்கும், பயப்படாதீங்க. ஒரே பின்தான்னா பிராக்கெட்தான் எர்த். கைல புடிச்சுட்டு குடுக்காதீங்க, காதுக்குப் பக்கத்துல வெச்சும் குடுக்காதீங்க, சாயங்காலம் வரைக்கும் ங்ஙொய்னு கேக்கும்.

செம்பூர்வாசி

இதுதான் எனக்குப் புரியல. ஹார்ன் ரெண்டையும் கழட்டி பேட்டரில குடுத்தா ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி அடிக்குது, மூணாவது மாடிலேர்ந்து ஒரு ஆன்ட்டி எட்டிப் பாத்து திட்டிட்டாங்க. சரி அப்ப ஒயர்ல கரண்டு வரலைன்னு லாமிங்டன் ரோட்டுல வாங்கின மல்டிமீட்டர எடுத்து, ஹார்ன்ல சொருகியிருக்கிற ஒயர் பிளக்க, அதான் கப்ளர, கழட்டி அதோட ரெண்டு பின்னுலயும் வெச்சு, மனைவிய அமுக்கச் சொன்னேன். 12.4 வோல்ட் வருது! பேட்டரிலயும் அதே 12.4தான். ஹார்னும் நல்லாருக்கு, கரண்டும் வருது, சேத்து மாட்டினா அடிக்கல. பேய் பிசாசு ஏதாவதா?

முலுண்ட் மணி

சரி, ஹார்ன் இல்ல. வாபஸ்.

வாஷி வித்யா

பேய் இல்ல, மீட்டர்தான் உங்கள ஏமாத்துது. மல்டிமீட்டர் உள்ள ஓடுற கரண்டு ஒண்ணுமே இல்லைன்னு சொல்ற அளவுக்குக் கம்மி. ஒயர்ல பத்து இழைல ஒரே இழை ஒட்டிட்டிருந்தாலும், நட்டுல துரு ஏறி நூல் அளவு மட்டும் தொட்டுட்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், முழு 12.4ஐ காட்டிடும். ஹார்ன மாட்டினதும் அஞ்சு பத்து ஆம்பியர் கேக்கும், அப்பதான் அந்தக் குறுகலான இடத்துல வோல்டேஜ் எல்லாம் உக்காந்துக்கும். ஹார்ன் காயில் ஒரு ஓம் ரெண்டு ஓம் அளவுதான் இருக்கும், துருவுல இன்னொரு ஓம் சேந்தாலே பாதிக்குப் பாதி வோல்டேஜ் அங்கயே போயிடும், மிச்சத்துல தகடு டொக்குன்னு ஒட்டிட்டு நின்னுடும்.

அதனால லோடு இல்லாம, அதாவது ஹார்ன் கரண்டு இழுக்காதப்ப, எடுத்த அளவு எதையும் நம்பாதீங்க. கப்ளர ஹார்ன்ல மாட்டியே வெச்சிருங்க, பின்பக்கமா ஒயர் நுழையுற இடத்துல மெல்லிய ஊசிய விட்டு மீட்டரோட முனைய தொட வைங்க. ஹார்ன அமுக்கிப் பிடிச்சுட்டு ரெண்டு அளவு எடுங்க. முதல்ல பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஹார்னோட பிளஸ் பின்னுக்கும் நடுவுல. அப்புறம் ஹார்னோட மைனஸ் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல. ரெண்டுமே அரை வோல்ட் பக்கம் இருந்தா நல்லது, எதுல பெருசா காட்டுதோ அந்தப் பாதைலதான் ஆள் ஒளிஞ்சிருக்கான்.

குர்லா பாண்டி

தங்கச்சி அருமையா சொல்லிட்டாங்க. நாங்க கடைல மீட்டர அவ்வளவா தொடுறதே இல்ல, ஒரு பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஹோல்டரோட, ரெண்டு ஒயர், அவ்வளவுதான் ஆயுதம். கப்ளர்ல சொருகினா பல்பு பளிச்சுனு எரியணும், மங்கலா எரிஞ்சா பாதைல அடைப்பு. பல்புக்கு பொய் சொல்லத் தெரியாது. ஆனா ஒண்ணு, ஏர்பேக் ஒயர், அந்த மஞ்சள் கப்ளர் இருக்குல்ல, அதுல மட்டும் இந்த பல்பையும் கொண்டு போகக்கூடாது மீட்டரையும் கொண்டு போகக்கூடாது, வெடிச்சு மூஞ்சில அடிச்சுரும்.

போரிவிலி கொங்கன்

இடைல ஒண்ணு கேட்டுக்கறனுங்க. எனக்கு வேற மாதிரி பிரச்சனை, ஸ்டியரிங் நேரா இருந்தா ஹார்ன் அடிக்கறதில்லீங்க, இடது பக்கம் பாதி ஒடிச்சா அடிக்குது, வலது பக்கம் ஒடிச்சா மறுபடி நின்னுக்குது. கூடவே ஏர்பேக் லைட்டு வந்து வந்து போகுதுங்க. இதுவும் எர்த் பிரச்சனைங்களா?

குர்லா பாண்டி

இல்ல, உங்களுதுதான் அசல் கிளாக் ஸ்பிரிங் கேஸ். ஹார்ன் அடிக்காதது ஒண்ணுதான், வியாதி வேற. ஸ்டியரிங் திரும்புற திரும்புல ஹார்ன் வந்து வந்து போச்சுன்னா, கூட ஏர்பேக் லைட்டோ ஆடியோ பட்டனோ சேந்து போச்சுன்னா அதேதான். உள்ள நாடா மாதிரி தட்டையான ஒயர் சுருட்டி வெச்சிருக்கும், ஸ்டியரிங்கோட சேந்து சுத்தி சுத்தி அது எங்கயோ விரிசல் விட்டுட்டு. ஒரு இடத்துல ஒட்டுது, ஒரு இடத்துல பிரியுது. ஏர்பேக் வர்றதுக்கு முன்னாடி இருந்த பழைய வண்டிங்கள்ல செம்பு வளையமும் கார்பனும்தான் இருந்துச்சு, தேஞ்சா எமரி பேப்பர் போட்டுத் தேச்சு ஓட்டிரலாம், இதுல அந்த வேலையெல்லாம் கிடையாது, மொத்தமா மாத்தணும்.

வாஷி வித்யா

கொங்கன் சார், இத நீங்களா வீட்டுல பண்ணாதீங்க, ஏர்பேக் லைட் எரிஞ்சா விபத்துல ஏர்பேக் விரியாம போகலாம், அதனால தள்ளியும் போடாதீங்க. எங்க குடுத்தாலும் பக்கத்துல நின்னு பாருங்க. பேட்டரி மைனஸ கழட்டிட்டு வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்துதான் ஏர்பேக்க தொடணும். முன் சக்கரம் ரெண்டும் நேரா இருக்கும்போதுதான் ஸ்டியரிங்க கழட்டணும். புது கிளாக் ஸ்பிரிங்க சரியா நடு நிலைல வெச்சு மாட்டணும், ஒரு பக்கமா சுத்தின நிலைல மாட்டிட்டா முதல் யூ டர்ன்லயே ஃபுல்லா ஒடிக்கும்போது நாடா அறுந்துடும். அப்புறம் மறுபடியும் அதே எஸ்டிமேட்.

போரிவிலி கொங்கன்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். கழட்டின ஏர்பேக்க அந்தப் பையன் போன தடவை ஸ்டூல் மேல கவுத்து வெச்சிருந்தானுங்க, அது பரவால்லீங்களா?

வாஷி வித்யா

ஐயோ கவுத்து வைக்கவே கூடாது. முகம் மேல பாத்து இருக்கணும், தப்பித் தவறி வெடிச்சா பைதான் மேல விரியும். கவுந்து இருந்தா மொத்த யூனிட்டும் ராக்கெட்டா கிளம்பும். கடைய மாத்துங்க.

செம்பூர்வாசி

அளவு எடுத்தாச்சு! மழை விட்ட நேரத்துல மனைவி உள்ள, நான் பம்பர் கிட்ட குத்துக்காலிட்டு, பையன் போன்ல டார்ச் அடிக்க, வித்யா மேடம் சொன்ன மாதிரி. பிளஸ் பக்கம் 0.3 வோல்ட். மைனஸ் பக்கம் 8.9 வோல்ட்!! மீட்டர் தப்பா காட்டுதோன்னு எடுத்து எடுத்துப் பாத்தேன், அதேதான்.

குர்லா பாண்டி

அவ்வளவுதான் தம்பி, ஆள் மாட்டிக்கிட்டான். எர்த் போச்சு. ஹார்ன்லேர்ந்து போற கருப்பு ஒயர புடிச்சுட்டே போங்க, இடது ஹெட்லைட்டுக்குக் கீழ ரேடியேட்டர் தாங்குற தகட்டுல எங்கயாச்சும் ஒரு போல்ட்டுல கொண்டு போய் முறுக்கியிருப்பான், ரெண்டு மூணு கருப்பு ஒயர் சேந்து வரும். அந்த இடத்த பாத்து போட்டோ போடுங்க.

செம்பூர்வாசி

போட்டோ போட்ருக்கேன் பாருங்க. நீங்க சொன்ன அதே இடம் அண்ணே, எப்படித்தான் கண்ணுல பாக்காம சொல்றீங்களோ. போல்ட் தலை தெரியல, பச்சையும் பழுப்புமா ஒரு கட்டி. கைல சுரண்டினா உதிருது. ரிங் டெர்மினல், அதான் ஒயர் முனைல போல்ட்டுக்கு மாட்டுற வளையம், போல்ட்ட சுத்தி வெறும் பொடியாத்தான் இருக்கு, ஒயர ஆட்டினா தனியா சுத்துது. ஒரு சந்தேகம், இத அப்படியே விட்டுட்டு ஹார்ன்லேர்ந்து புதுசா ஒரு ஒயர் இழுத்து பேட்டரி மைனஸ்ல குடுத்துட்டா வேலை முடிஞ்சிடாதா?

குர்லா பாண்டி

முடியும், ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயர் போதும், நடு ரோட்டுல நின்னா நானும் அதத்தான் பண்ணுவேன். ஆனா அந்த போல்ட்டுல ஹார்ன் மட்டும் தொங்கல, ஹெட்லைட்டோட எர்த்தும் அங்கதான் இருக்கும், ராத்திரி லைட்டு மங்கலா இருக்கான்னு கவனிச்சீங்களா? அதனால மூலத்த சரி பண்ணுங்க.

பேட்டரி மைனஸ கழட்டிடுங்க. போல்ட்டுக்கு டபிள்யூடி-40, அதான் துரு இளக்குற ஸ்ப்ரே, அடிச்சு கொஞ்ச நேரம் ஊற விடுங்க, அவசரப்பட்டு முறுக்கினா தலை உடஞ்சு கைல வரும். கழண்டதும் தகட்டுல பெயிண்டு துரு எல்லாம் போயி வெள்ளையா இரும்பு தெரியுற வரைக்கும் எமரி பேப்பர் போடுங்க. ரிங் டெர்மினல் அரிச்சிருந்தா வெட்டிட்டு புதுசு போடுங்க, வெட்டின இடத்துல ஒயருக்குள்ள செம்பு கருப்பா இருந்தா பளபளன்னு வர்ற வரைக்கும் இன்னும் கொஞ்சம் பின்னாடி வெட்டுங்க, இத பண்ணாமத்தான் பாதி பேருக்கு அடுத்த மழைல திரும்ப வருது. இறுக்கி முறுக்கினதுக்கு அப்புறம் மேல வாஸ்லின் பூசிடுங்க. முன்னாடியே பூசிட்டு முறுக்காதீங்க.

முலுண்ட் மணி

ஹார்ன திருப்பி மாட்டும்போது வாய் கீழ பாத்து இருக்கணும், அது நத்தை மாதிரி சுருள் ஹார்னா இருந்தா இன்னும் முக்கியம், மேல பாத்தா தண்ணி ரொம்பிடும். அப்புறம் அந்தத் தகட்டு பிராக்கெட்டோடயேதான் மாட்டணும், அது ஆடணும்னுதான் வெச்சிருக்கான். கிடைச்ச இடத்துல நேரா பாடில வெச்சு இறுக்கினா சவுண்டு அமுங்கிடும். பின்னாடி ஒரு ஸ்குரூ இருக்கும், சவுண்டு கரகரன்னா அத கால் சுத்து இப்படி அப்படி திருப்பிப் பாக்கலாம், அதுக்கு மேல திருகக்கூடாது. இத்தன நாள் தப்பா சொன்னதுக்கு இது என் வட்டி.

செம்பூர்வாசி

அடிச்சிடுச்சு!! புது வண்டில கேட்ட அதே சவுண்டு. மைனஸ் பக்கம் இப்ப 0.2. ராத்திரி ஓட்டிப் பாத்தேன், ஹெட்லைட்டும் நிஜமாவே கொஞ்சம் பிரகாசமாத்தான் இருக்கு, வயசாயிடுச்சுன்னு கண்ணு டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன். செலவு ரிங் டெர்மினல், எமரி பேப்பர், வாஸ்லின் வீட்டுல இருந்தது. பாண்டி அண்ணே, வித்யா மேடம், எப்ப செம்பூர் வந்தாலும் ஃபில்டர் காபி என்னுது.

போரிவிலி கொங்கன்

வாழ்த்துக்கள்ங்க. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஹார்னையே பெருசா மாத்திடலாம்லங்க? எங்கூரு ரூட்ஸ் விண்ட்டோன் போட்டுப் பாருங்க, கோயம்புத்தூர் சரக்கு, கொஞ்சம் கனமான சவுண்டு வரும், பெரிய வண்டின்னு நெனச்சு வழி விடுவாங்க.

குர்லா பாண்டி

போடலாம், நல்ல ஹார்ன்தான். ஆனா வெளில வாங்குற ஹார்ன் பலதும் கம்பெனி ஹார்ன விட அதிகம் இழுக்கும், பழைய ஒயர்லயே சொருகாதீங்க. ரிலே வெச்ச தனி கிட்டு விக்கிறான், பேட்டரிலேர்ந்து தனி பியூஸோட நேரா கரண்டு, பழைய ஹார்ன் ஒயர் சும்மா ரிலேய தட்டி விடுறதுக்கு மட்டும்.

வாஷி வித்யா

வேண்டாமே ப்ளீஸ், இருக்கிற சத்தமே போதும். 2019-20ல மும்பை போலீஸ் சில சிக்னல்ல டெசிபல் மீட்டர் வெச்சாங்களே ஞாபகம் இருக்கா, 85 டெசிபல தாண்டி ஹார்ன் அடிச்சா சிவப்பு விளக்கு மறுபடி முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சுது. அத நிரந்தரமா எல்லா சிக்னல்லயும் வைக்கணும்னு நான் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் படி தேவையில்லாம ஹார்ன் அடிச்சா முதல் தடவை 1000 ரூபா, அடுத்த தடவை 2000. ராகம் பாடுற மல்ட்டி டோன் ஹார்னுக்கு அனுமதியே கிடையாது.

முலுண்ட் மணி

லாரிக்குப் பின்னாடி ஹார்ன் ஓகே ப்ளீஸ்னு எழுதுறதையே 2015ல இந்த மாநிலத்துல தடை பண்ணாங்க, நிறுத்தினாங்களா? இன்னிக்கும் பாக்குறோம். ஆனா கண்டாலா மலைப்பாதை வளைவுல ஹார்ன் இல்லாம இறங்கிப் பாருங்க மேடம், அப்ப தெரியும்.

வாஷி வித்யா

மலைப்பாதைல அடிங்க சார், யார் வேண்டாம்னா. எங்க சொசைட்டி வாசல்ல அடிக்காதீங்கன்னுதான் சொல்றேன். போன மழைல பக்கத்து பில்டிங் வண்டி ஒண்ணு நடுராத்திரி தானா அடிக்க ஆரம்பிச்சு நிக்கவே இல்ல, ஓனர் ஊர்ல இல்ல. கடைசில அவர் தம்பி சாவியோட வந்து பானட்ட திறந்தப்புறம் நான்தான் ரிலேய புடுங்கி விட்டேன். புது ரிலே போட்டதும் அமுக்காமலே மறுபடி அடிச்சுது, அப்ப ரிலே பாயிண்டு ஒட்டிக்கலன்னு தெரிஞ்சுது, ஸ்டியரிங் பேட்ல இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து ஸ்விட்ச் தானா எர்த் ஆகிட்டிருந்தது. யாருக்காவது இப்படி ஆனா ஸ்டியரிங்க போட்டு குத்தாதீங்க, ஹார்ன் பியூஸையோ ரிலேயையோ எடுங்க.

டோம்பிவிலி குமார்

எல்லாரும் இருக்கீங்களா? அவசரம். கொங்கன் சார் சொன்னதுக்கு முன்னாடியே நான் போன வாரம் பெரிய ஹார்ன் போட்டுட்டேன், கடைக்காரன் பழைய கப்ளர்லயே சொருகி விட்டான், சூப்பரா அடிச்சுது. இன்னிக்கு கல்யாண் பாலத்துல ஒரு ரிக்‌ஷாக்காரனுக்கு விடாம அடிச்சேன், நடுவுலயே நின்னுடுச்சு. எனக்கு டிக் சத்தமும் வரல.

குர்லா பாண்டி

குமார் தம்பி, ஹார்ன விடுங்க, மொதல்ல ஆள வெச்சு பிரேக்க மிதிச்சு பின்னாடி சிவப்பு லைட்டு எரியுதான்னு பாருங்க. சில வண்டில ஹார்னுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ்.

டோம்பிவிலி குமார்

ஐயய்யோ எரியல அண்ணே. கல்யாண்லேர்ந்து வீடு வரைக்கும் அப்படியேவா வந்திருக்கேன்! மூடில பாத்தேன், ரெண்டுக்கும் ஒரே 15 ஆம்பியர், உருகிப் போயிருக்கு. வீட்டுல 20 ஆம்பியர் இருக்கு, போட்டுக்கவா?

குர்லா பாண்டி

20 போடாதீங்க, பியூஸ் உருகாட்டி ஒயர் உருகும். 15தான் போடணும், பக்கத்துல ஏதாச்சும் ஸ்பேர் கடை இருக்கும், வாங்கிட்டு வாங்க. கப்ளர்லேர்ந்து புது ஹார்ன கழட்டிட்டு பியூஸ் போடுங்க, பிரேக் லைட்டு வந்துட்டான்னு பாருங்க. பழைய ஹார்ன தூக்கிப் போடலைல்ல? அத மாட்டிட்டு ஓட்டுங்க, ரிலே கிட்டு வாங்கினதுக்கு அப்புறம் பெருச மாட்டிக்கலாம்.

டோம்பிவிலி குமார்

டிக்கில கிடக்கு அண்ணே. பிரேக் லைட் வந்துடுச்சு, பழசே அடிக்குது. கிட்டுக்கு எவ்வளவு ஆகும், ஞாயித்துக்கிழமை உங்க கடை இருக்குமா?

குர்லா பாண்டி

ஞாயிறு மத்தியானம் வரைக்கும் இருப்பேன், வாங்க. ஹார்னையும் கையோட எடுத்துட்டு வாங்க, எவ்வளவு இழுக்குதுன்னு கிளாம்ப் மீட்டர்ல பாத்துட்டு அதுக்கேத்த பியூஸ் போட்டுரலாம்.